எங்கள் கடையும் எதிர்க் கடையும்

நான் சில்லறை எண்ணப் பழகியது சிகரட் விற்றுத்தான்.

கிருலப்பனையில், ஹை லெவல் வீதியிலிருந்து கால்வாய்ப் பக்கம் இறங்கும் ஒரு லேனில் எங்கள் கடை இருக்கிறது. கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஒரு கண்ணாடி அலுமாரி, அதில் பணிஸ், ரோல்ஸ், வடை. பின்னால் அப்பா பிளேன்டீ ஊற்றும் மேசை. ஒரு பக்கம் அரிசி, பருப்பு, சீனி. காசு போடும் லாச்சிக்கு மேலே, கை எட்டும் தூரத்தில் சிகரட் பெட்டிகள். பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டர். யாரும் களவெடுத்துவிடக் கூடாது என்றுதான் கயிறு.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, அம்மா சமைத்து முடிக்கும் வரை நான்தான் கடையில் இருப்பேன். எட்டாம் வகுப்பில் தொடங்கியது. அப்பா சந்தைக்குச் சாமான் எடுக்கப் போகிற நேரம் அது.

“நங்கி, கோல்ட் லீஃப் எகக்.”

ஒரு நாளைக்கு இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். அவர் லைட்டரை இழுத்துப் பற்ற வைத்துக்கொண்டு, “ப்ளேன்டீ எகக்” என்பார். எனக்கு அப்போது வயது 13. என் வயதுக்கு ஒரு சிகரட் வாங்க ஏலாது. ஆனால் விற்றுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையை ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு சங்கடம். நான் டியூஷன் போனதும், ஏ.எல். எழுதியதும், இப்போது உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிற இந்த லேப்டொப்பும் அந்தக் கடையிலிருந்து வந்தவை. அந்தக் கடையில் சிகரட்டும் இருந்தது. அதனால் மேலே நின்று யாருக்கும் புத்தி சொல்ல என்னால் முடியாது. எங்கள் லேனில் நடந்ததைச் சொல்கிறேன்.

சுவரில் ஒட்டிய 21

எங்கள் கடைச் சுவரில் ஒரு அறிவித்தல் இருக்கும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்கள் விற்கப்படமாட்டாது என்று மூன்று மொழியிலும். அதற்குப் பின்னால் இருப்பது 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம். புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபையை உருவாக்கிய சட்டம் அது. சிகரட் விளம்பரத்தை நிறுத்தியது, காசு போட்டால் சிகரட் தள்ளும் இயந்திரங்களைத் தடுத்தது, மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது, வாங்குகிற வயதை 21 ஆக்கியது. இந்தியாவில் இந்த வயது 18. நம்முடைய சட்டம் இந்த விஷயத்தில் அவர்களை விடக் கடுமையானது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003-லேயே ஏற்று உறுதி செய்த நாடு. காகிதத்தில் பார்த்தால் நாங்கள் நல்ல பிள்ளைகள்.

அந்தச் சட்டத்தை ஆர் நடைமுறைப்படுத்துவது? பொலிஸ், கலால் அதிகாரிகள், பி.எச்.ஐ. என்று நாங்கள் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். இவர்கள் எல்லாரும் எப்போதாவது ஒரு நாள் வந்து போகிறவர்கள். மிச்ச நாளெல்லாம் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய ஆள் லாச்சிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர். அதாவது எங்கள் அப்பா. அப்பா இல்லாத நேரம், 13 வயசுல நான்.

2012-இல் ஒரு நாள் ஒரு பையன் வந்தான். அரும்பு மீசை. அப்பா கடையில் இருந்தார், நான் வடை தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பையன் சிகரட் கேட்டான், அப்பா கொடுத்தார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கொடுத்தார். அவன் படியிறங்குவதற்குள் ரெண்டு பேர் உள்ளே வந்தார்கள். அதிகாரிகள். பையனுக்கு வயது 17.

அவர்கள் கத்தவில்லை, ஏசவில்லை. சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டி, “இதை ஒட்டினது நீங்கதானே?” என்று மட்டும் கேட்டார்கள். நீதிமன்றத்தில் அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டப்பணம் 5,000 ரூபா. அந்த மாதம் எனக்குப் புதிய சப்பாத்து வாங்குவதாக இருந்தது. வாங்கவில்லை.

அப்பா ரெண்டு வாரம் எல்லாரிடமும் அடையாள அட்டை கேட்டார். முப்பது வயது ஆட்டோக்காரர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் லேன் பையன்கள் ரெண்டு பேர், “பரவால்ல அண்ணே, நானா கடையில எடுத்துக்கிறோம்” என்று எதிர்ப் பக்கம் போனார்கள். எதிரே ஒரு நானாவின் கடை. எங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. அவர்கள் அங்கே சிகரட் வாங்கி, அங்கேயே தேத்தண்ணியும் குடித்தார்கள்.

மூன்றாவது வாரம் அப்பா ஐ.டி. கேட்பதை விட்டுவிட்டார்.

அப்பாவின் கணக்கு

“சிகரட்டுல என்னா லாபம் இருக்கு?” என்று கேட்டால் அப்பா சிரிப்பார். ஒரு சிகரட்டில் கடைக்காரனுக்கு நிற்பது சின்னக் காசு. அதை மட்டும் விற்றால் அடுப்பு எரியாது. ஆனால் சிகரட்டுக்கு வருகிற ஆள் சும்மா போகமாட்டார். பிளேன்டீ குடிப்பார். ஒரு ரோல்ஸ் எடுப்பார். ரீலோட் போடுவார். வீட்டுக்குப் போகும்போது பாண் வாங்குவார். “சிகரட் யாவாரம் இல்ல, அது கதவு” என்பார் அப்பா. கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது ஒன்றும் ஓடாது.

அவர் மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து 14 வயதில் கடைப் பொடியனாகக் கொழும்புக்கு வந்தவர். இன்னொருவர் கடையில் பதினாறு வருடம் வேலை செய்து, சீட்டுக் கட்டி, இந்த இடத்தைப் பிடித்தவர். வாழ்நாளில் ஒரு சிகரட் பற்ற வைத்ததில்லை. வெற்றிலைகூடப் போடமாட்டார். அதற்குக் காரணம் தாத்தா.

தாத்தா தோட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம் வாயில் வெற்றிலையும் புகையிலையும் அடக்கியவர். குளிருக்கு, பசிக்கு, அட்டைக் கடிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். கன்னத்தின் உள்ளே புண் வந்து ஆறவில்லை. மகரகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இலங்கையில் ஆம்பிளைகளுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அதற்கு முக்கியக் காரணங்கள் புகையிலை, பாக்கு, சிகரட், சாராயம்.

கிருலப்பனையில் இருக்கிறவர்களுக்கு 138 பஸ் தெரியும். கோட்டையிலிருந்து ஹை லெவல் வீதியால் நுகேகொடை தாண்டி மகரகமவுக்குப் போகிற பஸ். தாத்தா எங்கள் வீட்டில் தங்கி அந்த பஸ்ஸில்தான் கரண்ட் பிடிக்கப் போய் வந்தார். மூடிய வாயோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். கடைசியில் பேச்சு நின்றுவிட்டது, கையைக் காட்டித்தான் பேசுவார். 2009-இல் செத்துப்போனார். அப்பா அன்றைக்கு மட்டும் கடையைப் பூட்டினார். அடுத்த நாள் திறந்தார். லாச்சிக்கு மேலே சிகரட் பெட்டிகள் இருந்தன.

இதை எப்படிச் சேர்த்து வைத்துக்கொண்டார் என்று நான் அப்பாவிடம் கேட்டதில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்றும் தெரியும். “அத விக்காம நான் எத விக்கிறது?”

பெட்டியிலிருக்கும் படம்

சிகரட் பெட்டியில் நோய்ப்பட்ட உடம்பின் படங்களை இப்போது நாங்கள் சாதாரணமாகப் பார்க்கிறோம். அது லேசில் வந்ததில்லை. 2012-இல் பெட்டியின் 80 வீதத்தைப் படம் மறைக்க வேண்டும் என்று அரசு ஒழுங்குவிதி கொண்டு வந்தது. இலங்கையில் சிகரட் தயாரிக்கும் சிலோன் டொபாக்கோ கம்பனி நீதிமன்றம் போனது. அந்தக் கம்பனியின் பெரும்பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுடையது. 2014-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் படத்தின் அளவை 50 முதல் 60 வீதத்துக்குக் குறைத்தது. பிறகு 2015-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி மறுபடி 80 வீதமாக்கியது.

நல்ல வெற்றிதான். ஆனால் கடையில் இருந்த எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் லேனில் பெட்டியாக வாங்குகிறவர் அருமை. எல்லாரும் ஒன்று, ரெண்டு என்றுதான் வாங்குவார்கள். பெட்டி எங்கள் பக்கம், சிகரட் அவர்கள் பக்கம். அந்த 80 வீதப் படத்தை நாள் முழுக்கப் பார்த்தது யார் தெரியுமா? நானும் அப்பாவும்தான். ஒரு நாள் அப்பா பெட்டிகளையெல்லாம் பின்பக்கம் திருப்பி அடுக்கினார். பின்பக்கமும் படம்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேலே ஒரு பழைய கலண்டர் மட்டையை வைத்து மறைத்தார். “அப்பாட வாய் ஞாபகம் வருது” என்றார். அவர் அப்பா என்றது தாத்தாவை.

ஒற்றைச் சிகரட் விற்பதைத் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு வருடக்கணக்காக வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. நான் லாச்சிக்குப் பின்னால் உட்கார்ந்த காலத்தில் ஒருநாளும் வந்து சேரவில்லை. 2016 ஒக்டோபரில் வரி கூடி, 35 ரூபா கோல்ட் லீஃப் ஒரே அடியாக 50 ரூபாவானது. இப்போது நூறைத் தாண்டிவிட்டது. விலை கூடினால் குறைப்பார்கள் என்பது உண்மை, எங்கள் கடையிலேயே பார்த்தேன். அதே நேரம் பெட்டியாக வாங்கிக்கொண்டிருந்த ஒருசிலரும் ஒற்றைக்கு மாறினார்கள். பள்ளிக்கூடப் பையனால் ஒரு பெட்டிக்குக் காசு சேர்க்க ஏலாது. ஒன்றுக்குச் சேர்க்கலாம்.

தம்பி

அந்த 2016-இல்தான் கணக்கு இடித்தது.

இரவில் கடை பூட்டும்போது அப்பா சிகரட்டை எண்ணுவார். ஒன்றிரண்டு குறைய ஆரம்பித்தது. முதலில் என்னைக் கேட்டார். “நீ சில்லறையப் பிழையா குடுத்திருப்ப.” நான் சத்தியம் செய்தேன். பிறகு கடைக்கு வந்து போகும் ஒரு கிழவனைச் சந்தேகப்பட்டார். ஒரு வாரம் கழித்து ஒரு இரவு, கால்வாய்க் கரையில் சாமான் வேன் நிறுத்துகிற இடத்துக்குப் போய்விட்டு வந்தவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். அங்கே தம்பியைப் பார்த்திருக்கிறார். தம்பிக்கு அப்போது 16. ஓ.எல். எழுதுகிற வருடம்.

அடிப்பார் என்று நினைத்தோம். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது. தம்பியைப் பார்த்து, “எத்தன நாளா?” என்றார். தம்பி, “ஒரு வருஷம்” என்றான். அப்பா அந்த அறிவித்தலைப் பார்த்தார். 21.

அடுத்த நாள் சிகரட் பெட்டிகளை எல்லாம் நானாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கிய விலைக்கே. “இனி இங்க சிகரட் இல்ல” என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டார். சிங்களத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு அப்பா ரொம்பப் பெரிய ஆளாகத் தெரிந்தார்.

மூன்று மாதம்.

முதல் வாரம் ஆட்கள் வந்து, மட்டையைப் பார்த்து, பகிடி பண்ணிவிட்டுப் போனார்கள். ரெண்டாம் வாரம் வரவே இல்லை. காலையில் ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற மேசன்பாஸ்மார், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாம் எதிர்ப் பக்கம் நின்றார்கள். எங்கள் பக்கம் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது, குடிக்க ஆளில்லை. பணிஸ் மிஞ்சி மிஞ்சி, நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கே பணிஸ் சாப்பிட்டோம். கடன் கொப்பியில் அப்பாவின் பெயர் வேறு கடைகளில் ஏறியது. தம்பியின் டியூஷன் காசு ரெண்டு மாதம் பாக்கி.

லேனில் சிகரட் குறைந்ததா? ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் பத்தடி தள்ளி விற்றது. தம்பியும் பத்தடி தள்ளி வாங்கினான்.

நாலாம் மாதம் அப்பா மட்டையைக் கழற்றினார். அதைக் கிழித்துப் போடவில்லை, அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகி வைத்தார். எனக்கு அப்போது கோபம். அவர் தோற்றுப்போனதாக நினைத்தேன். அவருடைய மனத்தில் உறுதி போதவில்லை என்று நினைத்தேன். அது பிழை என்று புரிய யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது.

சிகரட் இல்லாத டவுன்

2018-இல் கூடப் படித்த தோழியின் வீட்டுக்கு யாழ்ப்பாணம் போனேன். எனக்கு 21 வயதான வருடம். சட்டப்படி இனி நானும் சிகரட் வாங்கலாம் என்று பகிடி பண்ணிக்கொண்டு போனோம். அவளுடைய ஊர்ச் சந்தியில் ஒரு கடையில் நெக்டோ குடிக்க நின்றோம். எங்கள் கடை மாதிரியே இருந்தது. கண்ணாடி அலுமாரி, லாச்சி, பருப்பு மூட்டை. லாச்சிக்கு மேலே மட்டும் வெறுமை. சுவரில் ஒரு பலகை: இங்கு சிகரட் விற்பனை செய்யப்படமாட்டாது.

கடைக்காரப் பிள்ளை என்பதால் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “யாவாரம் கொறையலையா அண்ணே?” என்று கேட்டேன்.

“முதல் மாசம் கொஞ்சம் அடிச்சதுதான் பிள்ளை” என்றார். “ஆனா இந்தச் சந்தியில ஒருத்தரும் விக்கிறேல்ல. எல்லாரும் ஒண்டாக் கதைச்சுத்தான் நிப்பாட்டினாங்கள். நான் தனிய நிப்பாட்டியிருந்தா கடையப் பூட்டியிருப்பன்.”

அந்த நெக்டோ தொண்டையில் நின்றது. அப்பாவின் மூன்று மாதம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

அது ஒரு கடையின் கதை இல்லை. கடைக்காரர்கள் பேசி வைத்துச் சிகரட் விற்பதை நிறுத்திய டவுன்கள் 2017 நடுப்பகுதியில் நாடு முழுக்க 107 இருந்ததாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் சங்கம் சொன்னது. அதில் 22 யாழ்ப்பாணத்தில், அதுதான் முதலிடம். அடுத்தது மாத்தறை 17, குருநாகல் 16. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பி.எச்.ஐ.மார் கடை கடையாகப் போய்ப் பேசினார்கள், வியாபாரிகள் கூடி முடிவெடுத்தார்கள்.

யாழ்ப்பாணம் முதலிடம் என்பது எனக்குச் சின்ன ஆச்சரியம் இல்லை. புகையிலை அந்த மண்ணின் பணப்பயிர். யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. சுருட்டைக் கொண்டுபோய்த் தென்னிலங்கை ஊர்களில் யாழ்ப்பாணத்தார் திறந்த கடைகளுக்குச் ‘சுருட்டுக் கடை’ என்றே பெயர். அந்த ஊர்ப் பலகையில் ‘விற்பனை செய்யப்படமாட்டாது’ என்று வருகிறதென்றால், வியாபாரிக்கு லாபம் மட்டும்தான் தெரியும் என்று சொல்ல ஏலாது.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கடைக்காரர் கடைசியில் சொன்னது: “வேணுமெண்டவன் அடுத்த சந்திக்கு மோட்டச்சைக்கிள்ல போறான்.” பேசி வைத்துச் செய்வது பேசியவர்களின் எல்லையோடு நின்றுவிடும். புதிதாக ஒருவர் கடை திறந்து, “நான் ஒப்புக்கொள்ளவில்லையே” என்றால் கதை முடிந்தது. சின்னச் சந்தியில் ஐந்து கடைக்காரரைக் கூட்டலாம். கிருலப்பனையில்? சந்தையைச் சுற்றி, வீதி இரண்டு பக்கமும், லேனுக்கு லேன், தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எத்தனை கடை! யார் கூட்டுவது?

ஒரு லைசன்ஸ் கதை

இந்த இடத்தில்தான் எனக்கு மாநகர சபை ஞாபகம் வருகிறது.

எங்கள் கடையில் தேத்தண்ணி விற்க, சாப்பாடு விற்க மாநகர சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வடை எந்த எண்ணெயில் பொரிக்கிறோம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கண்ணாடி மூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். சாராயம் விற்க வேண்டுமானால் கலால் திணைக்களத்தின் லைசன்ஸ் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் திறக்க ஏலாது. சிகரட்டுக்கு? அதை விற்பதற்கென்று தனியாக ஒரு லைசன்ஸ் இல்லை. கண்ணாடிக்குள் இருக்கிற வடைக்கு இருக்கிற விசாரணை, கயிற்றில் லைட்டர் கட்டி விற்கிற சிகரட்டுக்கு இல்லை.

லைசன்ஸ் என்றால் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். விற்கிறவர் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு அதில் வருகிறது. கணக்கு இருந்தால்தான் பள்ளிக்கூட வாசலுக்கு இவ்வளவு தூரம், ஒரு வட்டாரத்துக்கு இத்தனை கடை என்று சொல்ல முடியும்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014-இல் இதைச் செய்தது. நகரத்தில் 11 வட்டாரங்கள். ஒரு வட்டாரத்துக்குப் புகையிலை விற்கும் அனுமதி 45-க்கு மேல் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 500 அடிக்குள் புதிய அனுமதி இல்லை. ஏற்கெனவே இருக்கிற இன்னொரு சிகரட் கடையிலிருந்து 500 அடிக்குள்ளும் இல்லை. எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம்: ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தவரின் வயிற்றில் அடிக்கவில்லை. அவர் விற்கலாம். அவர் கடையை மூடும்போது அந்த அனுமதி வேறொருவருக்குப் போகாது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகள் குறையும். எங்கள் அப்பா மாதிரி ஒருவரை ஒரே நாளில் தெருவில் விடாமல் ஒரு வழி.

இந்தியாவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 யாருக்குள் சிகரட் விற்கக் கூடாது. நியூசிலாந்து இன்னும் பெரிதாக யோசித்தது. சுமார் 6,000 கடைகளை 600 ஆக்கச் சட்டம் போட்டது. அடுத்து வந்த அரசாங்கம் 2024-இல், அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே தூக்கிவிட்டது. வரிக் காசு போய்விடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இங்கேயும் அதே கணக்கு உண்டு. சிகரட்டால் திறைசேரிக்கு வருவது ஆண்டுக்கு 100 பில்லியன் ரூபா அளவிலான காசு. ‘அது யாவாரம் இல்ல, கதவு’ என்று அப்பா மட்டுமா சொல்கிறார்?

இதில் எனக்குப் பயமும் இருக்கிறது. லைசன்ஸ் என்று ஒன்று வந்தால், அதைக் காட்டி யார் யாரிடம் கை நீட்டுவார்கள் என்று கடைக்காரப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரியவன் தப்பிப்பான், பெட்டிக்கடை மாட்டும். அதனால் கட்டணம் சிறியதாக, விதி தெளிவாக, தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டதாக, யாருக்கு லைசன்ஸ் என்ற பட்டியல் எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 2012-இல் அப்பா கட்டிய 5,000 மாதிரித்தான் இதுவும். ஒருவர் கட்டுவார், ஒன்றும் மாறாது.

ரெண்டு பேரும் சொன்னது

2023 மார்ச் முதல் ரெண்டு வருடத்துக்கு மேல் நம்முடைய உள்ளூராட்சி மன்றங்களில் மக்கள் தெரிந்தெடுத்த ஆட்களே இல்லை. 2025 மே 6-இல்தான் தேர்தல் நடந்தது. அதற்கு முன்னால் எங்கள் லேனுக்கும் வாக்குக் கேட்டு வந்தார்கள். கானைப் பற்றிப் பேசினார்கள், குப்பையைப் பற்றி, தெரு விளக்கைப் பற்றி. எல்லாம் தேவையானவைதான். எங்கள் கடையில் பிளேன்டீ குடித்தார்கள். அவர்களில் ஒருவர் லைட்டரை இழுத்துப் பற்ற வைத்தார். நான் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாக இந்தக் கட்டுரை.

தேர்தல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டேன். “இப்ப நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவீங்களா?”

அவர் கேத்தலை இறக்கி வைத்துவிட்டு எதிர்ப் பக்கம் பார்த்தார். “நானா நிப்பாட்டினா அடுத்த நாளே நானும் நிப்பாட்டுறேன்.”

எனக்கு என்ன தோன்றியதோ, வீதியைத் தாண்டிப் போனேன். நானா இருந்தார். என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அவருடைய மகனும் என் தம்பியும் ஒரே வயது, ஒரே கால்வாய்க் கரை. அதே கேள்வியைக் கேட்டேன்.

“நானும் நெனச்சிருக்கேன் மகள்” என்றார். “ஒங்க வாப்பா அன்னைக்கு நிப்பாட்டினாரே, அப்ப நானும் நிப்பாட்டியிருக்கணும். ஆனா பின்பக்க லேன்ல இன்னும் மூணு கடை இருக்கே. எல்லாருக்கும் சேத்து ஒரு சட்டம் வந்தா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நான் மட்டும்னா ஏலாது.”

ரெண்டு பேருக்கும் நடுவில் வீதி பத்தடி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு பத்து வருடமாகக் காத்திருக்கிறார்கள். மனம் இல்லாமல் இல்லை. முதலில் கதவைச் சாத்துகிறவன் சாகிறான் என்பதுதான் பிரச்சினை. அந்தப் பயத்தை எடுக்க அவர்கள் ரெண்டு பேராலும் ஏலாது. எல்லாக் கதவையும் ஒரே நாளில் சாத்தச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர்தான் எடுக்க வேண்டும். ஒரு ஊருக்கு உள்ளூராட்சி என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி விஷயத்துக்குத்தானே?

உங்கள் லேனிலும் இப்படி ரெண்டு கடை இருக்கும். வெள்ளவத்தையோ, கொட்டாஞ்சேனையோ, எங்கேயோ. ஒரு நாள் ரெண்டு கடையிலும் தனித்தனியாக இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலை எழுதி வையுங்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொண்டுபோவதற்கு அது போதும். நான் என்னுடைய ரெண்டு பதிலோடு போகப்போகிறேன்.

தம்பிக்கு இப்போது 25. இன்னும் பத்துறான். எங்கள் கடையில் வாங்கமாட்டான், அப்பாவுக்கு மரியாதை. நானாவின் மகனும் அப்படித்தான், அவன் எங்கள் கடையில் வந்து வாங்குகிறான்.

அந்த மட்டை இன்னும் அரிசி மூட்டைக்குப் பின்னால்தான் இருக்கிறது. போன வாரம் கடையைத் துப்புரவாக்கும்போது பார்த்தேன். என் எழுத்து. மூலையில் கரப்பான் கொஞ்சம் தின்றிருக்கிறது, ஆனால் வாசிக்கலாம். எறியட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“வேணாம், இருக்கட்டும்” என்றார்.